கோத்தா பாருவில் ஒரு கிஜாங் காசு

கோலாலம்பூரில் இரவுப் பேருந்து ஏறினால் விடியும் நேரத்தில் கோத்தா பாரு வந்துவிடும். இறங்கியதும் முகம் கழுவிக்கொண்டு நேராகப் பசார் சித்தி காடிஜாவுக்குப் போய்விடுங்கள். கீழ்த்தளத்தில் காய்கறி, மீன், புடு, கெரோப்போக். மாடியில் சாப்பாடும் துணிமணியும். கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கத்தரிக்காய் நிறுக்கும் மாக்சிக் கையில் முழங்கைக்குப் பாதி தூரம் தங்க வளையல் கிடக்கும். நம் பாட்டிமார்களைப்போல இவர்களும் தங்கத்தை வங்கியைவிட அதிகமாக நம்புகிறவர்கள்.

நானும் தம்பியும் அங்கே போனது நாசி கெராபு சாப்பிட மட்டுமல்ல. அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு கிஜாங் காசு வாங்கப் போனோம்.

எழுபதுகளில் அப்பா கோலக்கிராய் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தார். மாற்றலாகி வரும்போது பக்கத்துக் கம்பத்து மூதாட்டி ஒருவர் சின்னத் தங்கக் காசு ஒன்றைக் கையில் வைத்து அனுப்பினாராம். 1990-இல் என் ஆறாம் படிவத் தேர்வுக் கட்டணத்தில் இருபது வெள்ளி குறைந்தபோது அதை நகைக்கடையில் கொடுத்துவிட்டார். எடைக்குத்தான் போட்டார்கள். அதைப் பற்றி அப்பா ஒருமுறைகூடக் குறைப்பட்டதில்லை. எனக்குத்தான் மனசில் கிடந்து உறுத்தியது.

கிஜாங் என்பது சிறு மான். கிளந்தான் மாநிலச் சின்னத்தின் இருபுறமும் நிற்பவை இவைதாம். பேங்க் நெகாராவின் சின்னத்தில் இருக்கும் மானும் இந்தப் பழங்காசிலிருந்து வந்ததே. 2001-இல் வெளிவந்த 'கிஜாங் எமாஸ்' தங்க நாணயத்தின் பெயரும் அப்படித்தான். செ சித்தி வான் கெம்பாங் என்ற அரசி வளர்த்த செல்ல மானின் நினைவாகக் காசில் மான் வந்தது என்பது அந்த ஊர்க் கதை. நாணய ஆய்வாளர்கள் சிலரோ, தென்னிந்தியக் காசுகளில் வரும் நந்தியைப் பார்த்துச் செய்த உருவம் இது என்று கருதுகிறார்கள். ஆரம்பக் காசுகளில் முதுகில் திமில்போல ஒரு மேடு தெரிவதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மறுபக்கத்தில் அரபு எழுத்தில் 'மாலிக் அல்-ஆடில்', அதாவது நீதி வழுவா மன்னன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். எடை ஒரு கூப்பாங், ஏறத்தாழ 0.6 கிராம்.

கிளம்புவதற்கு முன்வாரமே கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் இருக்கும் பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்குப் போய், கண்ணாடிக்குள் இருக்கும் அசல் காசுகளை ஒரு மணி நேரம் பார்த்தோம். பழங்காசு வாங்க நினைக்கிற யாரும் முதலில் செய்யவேண்டியது இதுதான். போலியைப் பற்றி எவ்வளவு படித்தாலும், அசலைப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. பழைய அச்சுக் காசுகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றில் மான் ஓரத்துக்குத் தள்ளியிருக்கும், இன்னொன்றில் கால் பாதி விழாமல் போயிருக்கும். கையால் சுத்தியல் அடித்துச் செய்தவை அல்லவா?

தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் கிடைத்த விற்பனையாளரை ஒரு காப்பிக்கடையில் சந்தித்தோம். அறுபது வயது மதிக்கத்தக்க பாக்சிக். மரியாதையான மனிதர். கைக்குட்டையை விரித்து மூன்று காசுகளை வைத்தார். ஒன்று 1,800 ரிங்கிட். "ஆற்றில் மணல் அள்ளும்போது கிடைத்தது," என்றார்.

அந்தப் பேச்சே எனக்குச் சரியாகப் படவில்லை. மண்ணில் கிடைத்த பழம்பொருளை அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது தேசிய மரபுடைமைச் சட்டம் 2005. அவர் சொன்னது உண்மையென்றால் அந்தக் காசை நாங்கள் வாங்கக் கூடாது, பொய்யென்றால் வாங்கவே கூடாது. பழைய ரசீது, ஏலப் பட்டியலில் வந்த படம், யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற விவரம், இதில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

தம்பி சட்டைப்பையிலிருந்து சின்ன மின்தராசை எடுத்தான். 0.61. அவன் முகத்தில் வெளிச்சம். "அக்கா, எடை சரியா இருக்கு!"

எடை சரியாக இருப்பது நல்லதுதான். ஆனால் போலி செய்கிறவனிடமும் தராசு உண்டு. தண்ணீரில் மூழ்கவைத்து அடர்த்தி பார்க்கலாம் என்றும் தம்பி சொன்னான். பெரிய காசுக்கு அது அருமையான சோதனை. இந்தப் பொடிக்காசு விலக்கும் தண்ணீரோ வெறும் 0.03 கிராம் சொச்சம். நம் தராசு காட்டும் மிகச் சிறிய அளவே 0.01 கிராம். ஒரு புள்ளி இப்படி அப்படி ஆனால் அடர்த்தி 20 என்றும் வரும், 15 என்றும் வரும். சிலர் உரைகல்லும் திராவகமும் கொண்டுவருவார்கள். அசலாக இருந்துவிட்டால் அந்தக் கீறலாலேயே காசின் மதிப்பு போய்விடும், விடவே விடாதீர்கள்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண நகைக்கடைக் கண்ணாடி. முதல் காசில் மானின் வயிற்றுக்குக் கீழே ஊசிமுனை அளவு ஒரு பள்ளம். பழங்காசில் பள்ளம் இருக்கத்தான் செய்யும். இரண்டாவதை எடுத்தேன். அதே வயிறு, அதே இடம், அதே பள்ளம். மூன்றாவதிலும் அதுவே. மூன்று காசும் முந்நூறு வருஷம் வேறு வேறு கைகளில் புழங்கி, ஒரே இடத்தில் ஒரே அடி வாங்க முடியுமா? ஒரு காசிலிருந்து அச்செடுத்து மற்றவற்றை வார்த்திருக்கிறார்கள். அதன்பிறகு பார்த்ததெல்லாம் அதையே சொன்னது. எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டிபோல் வழவழத்துக் கிடந்தது. சமதளத்தில் நுண்ணிய குமிழ்த் தழும்புகள். விளிம்பில் அரம் ஓடிய தடம்.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. "தங்கமான்னு மட்டும் பாத்துடலாம் அக்கா." பாக்சிக்கும் தடை சொல்லாமல் கூடவே வந்தார். பக்கத்து நகைக்கடைத் தவுக்கே ஒரு காசை இயந்திரத்துக்குள் வைத்தார். கீறாமல் கதிர் பாய்ச்சி உலோகத்தைச் சொல்லும் இயந்திரம். சில விநாடிகளில் திரையில் எண் வந்தது: 91.6.

தங்கம்தான். பாக்சிக் முகம் மலர்ந்தது. தவுக்கே மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இது என் கடைத் தங்கம் மாதிரி இருக்கே," என்றார் மலாயில்.

916 என்பது இன்றைய நகையின் தரம். பழங்காசின் தங்கம் அந்தந்தக் காலத்தில் கிடைத்ததைப் பொறுத்துக் கூடும், குறையும். இத்தனை கச்சிதமாக நகைக்கடைத் தரத்தில் நிற்பதை மட்டும் வைத்துப் போலி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த மூன்று பள்ளங்களோடு சேர்த்துப் பார்த்தபோது எங்களுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. யாரோ ஒருவருடைய பழைய வளையலாகவோ தோடாகவோ இருந்திருக்கும். தங்க விலைக்குக் கணக்குப் போட்டால் அவர் கேட்டதில் கால்வாசிகூடத் தேறாது.

பாக்சிக் ஏமாற்ற வந்தவரா, ஏமாந்து வந்தவரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பள்ளங்களை அவருக்கே கண்ணாடியில் காட்டியபோது மூன்றையும் மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் கைக்குட்டையை மடித்துக்கொண்டார். காப்பிக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை.

தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றுலா போகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. "வீடு கட்டக் குழி தோண்டினேன், புதையல் வந்தது" என்று அங்கேயும் வருவார்கள். முதலில் தரும் ஒரு காசு அசல் தங்கமாக இருக்கும், சோதித்துப் பார்க்கச் சொல்வதும் அவர்களே. பணம் கொடுத்து வாங்கும் மூட்டையில் மீதியெல்லாம் பித்தளை. அப்படியே அசலாக இருந்தாலும் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசை நாம் இந்தியாவிலிருந்து கொண்டுவர முடியாது, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. இணையத்தில் வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக் உறையில் இட்ட சான்றுக் காசைக் கேட்கிறார்கள். நல்லதுதான். அந்த உறையையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், அதில் உள்ள எண்ணைச் சான்று தந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்தையும் கையிலிருக்கும் காசையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மீதி நாளை ஊர் சுற்றினோம். மர வேலைப்பாடுகளுக்காகவே இஸ்தானா ஜஹாரைப் பார்க்கலாம். பசாரில் இரண்டு கட்டு கெரோப்போக்கும், அப்பாவுக்குப் பிடித்த புடு ஒரு போத்தலும் வாங்கிக்கொண்டு இரவுப் பேருந்து ஏறினோம். தம்பி வழியெல்லாம் பேசவில்லை.

பிறந்தநாளன்று அப்பாவை சாசானா கிஜாங்குக்குக் கூட்டிப்போனோம். நுழைவுக் கட்டணம் இல்லை. பேரப்பிள்ளைகள் பத்து லட்சம் ரிங்கிட் நோட்டுகள் பதித்த சுரங்கப் பாதைக்குள் ஓடிவிட்டார்கள். அப்பா கிளந்தான் காசுகள் முன்னால் நின்றார். கைப்பேசியில் இருந்த பாக்சிக்கின் காசுப் படத்தைக் காட்டி, எல்லாக் கதையையும் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், கண்ணாடிக்குள் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"ஆயிரத்து எண்ணூறா?" என்றார். "அந்தக் கடைக்காரன் எனக்கு இருவத்திரண்டு வெள்ளி குடுத்தாம்மா. உன் பீஸு கட்டுனது போக ரெண்டு வெள்ளிக்கு ரொட்டி வாங்கிட்டு வந்தேன், ஞாபகமிருக்கா?"

எனக்கு ஞாபகமில்லை. கண்ணாடியில் விரலை வைத்து வரிசையில் மூன்றாவதாக இருந்ததைக் காட்டினார். "இந்த மாதிரிதான். ஆனா நம்ம மானுக்குக் கால் இன்னும் கொஞ்சம் குட்டை."