சுருங்கிப் போன வீடு

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை எவ்வளவு உயரம் என்று ஐந்து வயதில் என்னைக் கேட்டிருந்தால், மலையளவு என்றுதான் சொல்லியிருப்பேன். முழங்காலை ஊன்றி, தூணைக் கட்டிக்கொண்டு, அப்பா கை கொடுத்துத் தூக்கினால்தான் ஏற முடியும். அப்புறம் சிங்காதனத்தில் அமர்ந்த ராணிதான்!

சென்ற மாதம் போயிருந்தேன். கைப்பையைத் திண்ணையில் வைக்கக் குனிய வேண்டியிருந்தது. ஓடிப் பிடித்து விளையாடிய ரேழியை நாலு எட்டில் கடந்துவிட்டேன். முற்றமோ, இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும் போலிருந்தது.

வீட்டில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை. குறை என்னிடந்தான். ஐந்து வயதில் என் உயரம் மூன்றரை அடி. கண் அதற்கும் கீழே. நம் உடம்பைக் கொண்டே உலகத்தை அளக்கிறோம். அளவுகோல் வளர்ந்துவிட்டால் வீடு என்ன செய்யும், பாவம்!

நான் போனது வேறு காரியமாக. அப்பா காலமாகி இரண்டு வருஷமாகிறது. அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். வீட்டை விற்றுவிடலாம் என்று டெலிபோனில் பல முறை சொல்லியும் பதில் இல்லை. நேரில் வாதாடி ஜெயிப்பதென்று புறப்பட்டேன்.

மாலையில் இருவரும் மகாமகக் குளத்துக்கு நடந்தோம். "அப்பா, தூக்கு" என்று சிறு வயதில் நான் அழுத தூரம், இப்போது எனக்குக் கால் மணி நடை. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. நின்று நின்று போய்ச் சேர முக்கால் மணி ஆயிற்று. தூரம் பழையபடி நீண்டுவிட்டது.

கரையைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களில் ஒன்றின் அருகே படியில் உட்கார்ந்தோம். 2016 மகாமகத்தின்போது கால் வைக்க இடமில்லாத படிகள் அவை. இப்போது எங்களைத் தவிர நாலைந்து பேர்தான்.

"வீடு எத்தனை சின்னதாக இருக்கிறது, பார்த்தாயா அம்மா? அதைக் கட்டிக்கொண்டு ஏன் அழவேண்டும்?" என்று ஆரம்பித்தேன்.

"சின்னதா? மாமாங்கத்துக்கு முப்பது பேர் வந்து தங்கினாளே, அப்போ சின்னதாத்தான் இருந்தது. உங்கப்பா போனப்புறம் பெரிசாயிண்டே போறதுடி. ராத்திரி வாசல் கதவைத் தாழ் போட்டுட்டு உள்ளே வரதுக்குள்ளே எத்தனை தூரம் தெரியுமோ?"

நான் திகைத்தேன். "பின்னே ஏன் பட்டணத்துக்கு வரமாட்டேன் என்கிறாய்?"

"வரமாட்டேன்னு எப்போ சொன்னேன்? வீட்டை விக்கறதைப் பத்தித்தானே நீ பேசினே. என்னோடு வந்து இருன்னு ஒரு தரமாவது கூப்பிட்டியோ?"

எனக்குத் தொண்டையை அடைத்தது. தயார் செய்து வைத்திருந்த வாதங்களில் அந்த ஒரு வாக்கியம் இல்லை என்பது உண்மை. அங்கேயே, அந்தப் படியிலேயே, கூப்பிட்டேன்.

திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அம்மாவுக்கு இரைத்தது. "கொஞ்சம் உட்கார்ந்துட்டு உள்ளே போகலாம்" என்றவள், திண்ணையைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

அது அவளுக்கு உயரமாக இருந்தது. நான் கை கொடுத்தேன்.