ரூட்டரில் ஓட்டை போடுவதற்கு முன்னால்

உறையூர்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள வாலு,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பாதி உன் பேச்சு, மீதி உன் மாமியார் பால்காரரிடம் கணக்குப் பார்க்கும் சத்தம். நானும் வாய்ஸில் பதில் சொன்னால் இந்த வீட்டு ரகளை அங்கே வந்து சேரும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் எனக்குப் புரிந்த வரையில் இதுதான். உன் பையன் பழைய கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் சர்வர் வைத்திருக்கிறான். வீட்டுக்குள் ஜோராக ஓடுகிறது. நாகர்கோவில் சித்தி பையனாலும் ஷார்ஜா அத்தை பெண்ணாலும் உள்ளே வர முடியவில்லை. "போர்ட் ஃபார்வர்டிங் பண்ணிக் கொடும்மா" என்று அவன் உயிரை எடுக்கிறான். உன் கொழுந்தனார் "அப்புறம் ஹேக்கர் பேங்க் பணத்தை உருவிடுவான்" என்று பீதியைக் கிளப்புகிறார். தெருமுனை சிசிடிவிக்காரர் காசு கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். மூவரில் பையன் சொல்வதுதான் பெருமளவு சரி. கொழுந்தனார் சொல்வதில் கால்வாசி உண்மை. சிசிடிவிக்காரருக்கு மட்டும் சல்லிக்காசு கொடுத்துவிடாதே, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம் ஹாஸ்டல் ஃபோன் ஞாபகம் இருக்கிறதா? அத்தனை பேருக்கும் ஒரே நம்பர், அதுவும் வார்டன் மேசையில். உள்ளேயிருந்து நாம் யாரையாவது கூப்பிட்டிருந்தால், திரும்பி வரும் அழைப்பு யாருக்கு என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். சம்பந்தமில்லாமல் வெளியிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டால் டக்கென்று வைத்துவிடுவார். வீட்டு ரூட்டரும் அந்த வார்டன்தான். உள்ளே டிவி, மொபைல், லேப்டாப் எல்லாவற்றுக்கும் 192.168 என்று ஆரம்பிக்கும் உள்வீட்டு எண்கள். ஊருக்குத் தெரிவது ஒரே எண். '25565 என்று கேட்டு யார் வந்தாலும் இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு' என்று வார்டன் மேசையில் ஒட்டி வைக்கிற சீட்டுக்குப் பெயர்தான் போர்ட் ஃபார்வர்டிங். இதற்கு மேல் அதில் ஒரு மாயமும் இல்லை.

இப்படி ஒரே எண்ணுக்குப் பின்னால் எல்லாரும் ஒண்டிக்கொள்வது ஏன் தெரியுமா? ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். தீர்ந்துவிடும் என்று 90-களிலேயே தெரிந்துபோய், 1994-ல் 'நேட்' என்ற இந்த ஏற்பாட்டை அவசரத்துக்கு என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொது இருப்பில் இருந்த கடைசி எண் தொகுதிகளையும் பங்கு போட்டுக் கொடுத்தாகிவிட்டது. அவசரத்துக்கு வந்தது இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

எனக்கு இந்த வித்தையெல்லாம் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். எல்லாம் என் நாத்தனார் புண்ணியம். மாமனார் கோயில் திருவிழாக்களில் பதிவு பண்ணி வைத்த நாதஸ்வரக் கேசட்டுகள் பீரோ நிறைய இருந்தன இல்லையா, அவற்றையெல்லாம் மாற்றி பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, ஜெல்லிஃபின் என்கிற இலவச மென்பொருளைப் போட்டு வைத்தேன். மாமனார் டிவியிலேயே மல்லாரி கேட்கிறார். டல்லாஸில் இருக்கும் நாத்தனாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "அப்பா பாட்டு அண்ணிக்கு மட்டும்தானா?" என்று குடும்ப குரூப்பில் ஒரு வரி. அதற்கு என் ஓரகத்தி ஒரு கண்ணீர் பொம்மை. சரி, கேட்டுத் தொலையட்டும் என்று ரூட்டரைக் கையில் எடுத்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? எவனோ ஒருவன் வீடியோவைப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் போய் 'டிஎம்இசட்' என்ற இடத்தில் அந்தக் கம்ப்யூட்டரின் எண்ணைப் போட்டுவிட்டார். அப்படிச் செய்தால் ஒரு போர்ட் மட்டும் திறக்காது. வெளியிலிருந்து எந்த போர்ட்டுக்கு எது வந்தாலும் அப்படியே அந்தக் கம்ப்யூட்டர் மடியில் போய் விழும். உன் பையனும் அதே வீடியோவைப் பார்த்திருப்பான். அந்தப் பக்கமே போகவிடாதே.

முறையாகச் செய்வது சுலபம். ரூட்டரின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பார். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று முகவரி, கீழே யூசர் நேம், பாஸ்வேர்ட். உள்ளே போனதும் முதல் காரியமாக அந்த பாஸ்வேர்டை மாற்று. அடுத்து, சர்வர் ஓடும் கம்ப்யூட்டருக்கு உள்வீட்டு எண்ணை நிரந்தரமாக்கு. இல்லையென்றால் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் ரூட்டர் எண்களை மாற்றிக் கொடுத்து, நீ ஒட்டிய சீட்டு உன் மாமியார் மொபைலைக் காட்டிக்கொண்டிருக்கும். 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று டிஹெச்சிபி பக்கத்தில் இருக்கும். கம்ப்யூட்டரின் மேக் அட்ரஸைக் கொடுத்து 192.168.1.50 போல ஒன்றைப் பூட்டி வை. பிறகு 'போர்ட் ஃபார்வர்டிங்' பக்கம் போ. சில ரூட்டரில் 'விர்ச்சுவல் சர்வர்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். வெளி போர்ட், உள் போர்ட், உள்வீட்டு எண், டிசிபியா யூடிபியா என்று நாலு கட்டம்தான்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பலர் கவிழ்கிறார்கள். பையன் கம்ப்யூட்டரில் ஆடும் ஜாவா எடிஷன் என்றால் 25565, டிசிபி. குழந்தைகள் மொபைலிலும் டேபிலும் ஆடும் பெட்ராக் என்றால் 19132, யூடிபி. ஷார்ஜாக்காரி டேபில் ஆடுகிறாள் என்றாயே, முதலில் இரண்டு பேரும் ஆடுவது ஒரே எடிஷன்தானா என்று கேள். அதற்கே ஒரு பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும். விண்டோஸின் ஃபயர்வாலும் அந்த போர்ட்டை விட வேண்டும். எல்லாம் முடிந்து சோதிக்கும்போது வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு வெளி எண்ணைப் போட்டுப் பார்த்து "வரலையே" என்று அழாதீர்கள். பல ரூட்டர்கள் உள்ளேயிருந்து வெளியே போய்த் திரும்பி உள்ளே வர விடாது. மொபைலில் வைஃபையை அணைத்து டேட்டாவில் பார்க்கச் சொல்.

இத்தனையும் செய்து எனக்கு வேலை நடந்ததா? நடக்கவில்லை. இந்தக் கடிதத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்த இடத்தைப் படி.

ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வேன் ஐபி' என்று ஒரு வரி இருக்கும். அதைக் குறித்துக்கொள். பிறகு பிரவுசரில் 'என் ஐபி என்ன' என்று தேடி வரும் எண்ணைப் பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் உனக்குத் தெருவைப் பார்த்த வாசல் இருக்கிறது. வேறாக இருந்தால், அதுவும் வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால், இன்டர்நெட் கம்பெனியே உனக்கு மேலே இன்னொரு வார்டனை உட்கார்த்தி வைத்திருக்கிறது என்று அர்த்தம். 'சிஜிநேட்' என்பார்கள். இதற்கென்றே 2012-ல் ஒதுக்கிய எண் வரிசை அது. ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் உன்னைப் போல எத்தனையோ வீடுகள். உன் ரூட்டரில் நீ எத்தனை சீட்டு ஒட்டினாலும் மேலே இருக்கும் வார்டனுக்கு அது தெரியாது. 10-ல் ஆரம்பித்தாலும் இதே கதைதான். 192.168 என்று வந்தால் மட்டும் வீட்டுக்குள்ளேயே தேடு. ஃபைபர் வந்து சேரும் பெட்டியே ஒரு ரூட்டராக இருந்து, அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரூட்டரும் இருக்கும். முதல் பெட்டியை 'பிரிட்ஜ் மோடில்' போடச் சொன்னால் சரியாகிவிடும்.

எனக்கு 100-ல் ஆரம்பித்தது. கஸ்டமர் கேருக்குப் பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த போர்ட் மேடம், யூஎஸ்பி போர்ட்டா?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் முன்னால் இருக்கும் தாளில் அவ்வளவுதான் எழுதியிருக்கும். மேலே கேட்டதில் 'ஸ்டாட்டிக் ஐபி' வாங்கிக்கொள்ளுங்கள், மாதாமாதம் தனிக் கட்டணம் என்றார்கள். நாத்தனார் மல்லாரி கேட்க நான் மாதாமாதம் படியளப்பதா? நல்லா இருக்கே!

இனி சிசிடிவி கதை. எங்கள் எதிர்வீட்டு அக்கா கேமரா மாட்டினார். மாட்டியவர் ரூட்டரில் போர்ட்டைத் திறந்து, அன்றைய வெளி எண்ணை அக்கா மொபைலில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த எண் நிரந்தரம் இல்லை, ரூட்டர் அணைந்து எரிந்தால் மாறக்கூடியது. மாறினாலும் பெயர் மாறாமல் இருக்க 'டிடிஎன்எஸ்' என்று இலவச சேவைகள் உண்டு. அதை அவர் வைக்கவில்லை. ஒரு நாள் அக்கா மருமகள் வந்துவிட்டாளா என்று பார்க்க ஆப்பைத் திறந்தால், ஏதோ ஒரு மளிகைக் கடைக் கல்லாவும் அதன் பின்னால் வழுக்கைத் தலை ஒன்றும் தெரிகிறது! அக்காவின் பழைய எண் அவருக்கு இன்டர்நெட் கொடுக்கும் கேபிள்காரரின் வேறொரு வாடிக்கையாளருக்குப் போயிருக்கிறது. அங்கே கேமரா மாட்டியதும் அதே ஆள். அதே போர்ட், அதே பாஸ்வேர்ட், தன் கடைப் பெயரோடு 123. ஊரில் அவர் மாட்டிய எல்லா வீட்டுக்கும் அந்த ஒரே பாஸ்வேர்ட்தானாம். அக்கா கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. மருமகள் அன்றைக்கு எத்தனை மணிக்கு வந்தாள் என்ற விசாரணை அதோடு போச்சு, அவளுக்குக் கொண்டாட்டம்.

சிரித்து முடித்தாயா? இனி கொழுந்தனாரின் கால்வாசி உண்மைக்கு வருகிறேன். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இசட்மேப் என்று ஒரு கருவி வெளியிட்டார்கள். நல்ல வேக லைனில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர், உலகின் ஐபிவி4 எண்கள் அத்தனையிலும் ஏதாவது ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ஆகவே, 'நம்மளை யாருக்குத் தெரியப்போகுது' என்ற பேச்சே கிடையாது. உன்னைத் தெரிந்துகொண்டு யாரும் வருவதில்லை, தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

உன் பையனுக்கு ஒரு கதை சொல், ஆர்வமாகக் கேட்பான். 2016-ல் மிராய் என்று ஒரு வைரஸ், கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும் பிடித்துப் படையாகத் திரட்டியது. அதன் வித்தை ஒன்றும் பெரிதில்லை. கம்பெனி போட்ட பாஸ்வேர்டுகளின் சின்னப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு 23, 2323 என்ற போர்ட்டுகளைத் தட்டிப் பார்த்தது. செய்தவர்கள் அமெரிக்க இளைஞர்கள் மூன்று பேர். மைன்கிராஃப்ட் சர்வர் நடத்தும் தொழிலில் போட்டியாளர்களைக் கவிழ்க்க ஆரம்பித்த விவகாரம் அது! நிரலை வெளியே விட்டுவிட்டார்கள். அதே சரக்கை வைத்து 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் தடுமாறின. மூவரும் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2021 டிசம்பரில் இன்னொன்று. லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நூலகத்தில் ஓட்டை. மைன்கிராஃப்ட் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே சர்வர் கம்ப்யூட்டரைக் கைப்பற்ற முடிந்தது. 1.18.1 பதிப்பில் அடைத்தார்கள். பையன் பழைய பதிப்பில்தான் ஒரு மாட் வேலை செய்கிறது என்று அடம்பிடித்தால் இதைச் சொல்லி அடக்கு.

நான் கடைசியில் போர்ட் எதையும் திறக்கவில்லை. வீட்டுக்காரர் போட்ட டிஎம்இசட்டையும் எடுத்தேன், ரூட்டரில் யூபிஎன்பி என்ற வசதியையும் அணைத்தேன். அது இருந்தால் உள்ளே இருக்கும் எந்தப் பொருளும் நம்மைக் கேட்காமலே தனக்கு ஒரு வழி திறந்துகொள்ளும். டெயில்ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டால் இரண்டும் உள்ளேயிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்கின்றன. யார் வீட்டிலும் கதவு திறக்க வேண்டாம், மேல் வார்டன் இருந்தாலும் கவலையில்லை. நாத்தனார் டல்லாஸில் உட்கார்ந்து மல்லாரி கேட்கிறாள். நன்றி என்று ஒரு வார்த்தை இதுவரை குரூப்பில் வரவில்லை, அது வேறு.

உன் பையனுக்கும் அதையே போட்டுக் கொடு என்பதுதான் என் தீர்ப்பு. ஆடப்போவது தெரிந்த பிள்ளைகள் நாலு பேர், அவர்களுக்காக உலகத்துக்கே கதவைத் திறப்பானேன்? இல்லை, பள்ளிக்கூடப் பட்டாளமே வர வேண்டும், ஆளாளுக்கு ஆப் போடச் சொல்ல முடியாது என்றால் அந்த ஒரு போர்ட்டை மட்டும் திற. சர்வரில் ஒயிட்லிஸ்ட் போடு, பெயர் உள்ளவர்கள் மட்டும் வருவார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் உன் பேங்க் வேலை, வருமான வரிக் கோப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஆட்டம் அலுத்ததும் சீட்டைக் கிழித்துவிடு. அலுக்கும், பார்.

நாளைக்குக் காலையில் வேன் ஐபியைப் பார்த்து எழுது. ரூட்டரைப் படம் எடுத்து அனுப்புவதாக இருந்தால் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரை மறைத்து அனுப்பு, நம் காலேஜ் குரூப்பில் மட்டும் போட்டுத் தொலைத்துவிடாதே.

உன்,
ஒட்டடைக்குச்சி