எந்தத் தேதியின் சட்டம்?

புனே சிவாஜிநகர் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் வக்கீல், கட்சிக்காரரிடம் முதலில் தேதிகளைத்தான் கேட்பார். அப்பா எப்போது காலமானார்? பாகப்பத்திரம் எப்போது பதிவானது? பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்த மத்தியத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2005 செப்டம்பர் 9. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றத்தின் 2020 வினீதா சர்மா தீர்ப்பு. உரிமை பிறப்பால் வருவது என்று சட்டமே சொல்கிறது. திருத்தம் முன்நோக்கித்தான் செல்கிறது. ஆனால் பற்றிக்கொள்வது மகளின் பிறப்பை.

அரசியலமைப்புத் திருத்தம் என்றால் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

102ஆவது திருத்தம் 2018 ஆகஸ்டில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மகாராஷ்டிரம் மராத்தாக்களுக்கு 16 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றியது. 2021 மே 5இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 50 சதவீத வரம்பைத் தாண்டியது தவறு என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனம். 102ஆவது திருத்தத்துக்குப் பின் பிற்படுத்தப்பட்டோரை அடையாளம் காணும் அதிகாரம் மாநிலத்துக்கு இனி இல்லை என்பதில் மட்டும் மூவருக்கு இருவர். சிறுபான்மை நாடாளுமன்றத்தின் நோக்கத்தைப் பார்த்தது. பெரும்பான்மை திருத்தத்தின் வாசகத்தைப் பற்றி நின்றது. நாடாளுமன்றம் 105ஆவது திருத்தத்தால் அந்த அதிகாரத்தைத் திருப்பித் தந்தது. அது 2021 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது.

இடைப்பட்ட காலத்தில் பிறந்த சட்டங்களின் கதி?

விடை தமிழ்நாட்டு வழக்கில் கிடைத்தது. வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீடு தந்த சட்டம் 2021 பிப்ரவரியில் நிறைவேறியது. மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அதே ஆண்டு நவம்பரில் அதை ரத்துசெய்தது. 2022 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் அமர்வு, 105ஆவது திருத்தத்துக்குப் பின்னோக்கிய விளைவு இல்லை என்றது. அதோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 102ஆவது திருத்தம் தடுத்தது பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதைத்தான், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களுக்குள் பிரித்துக் கொடுப்பதை அல்ல என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. புதிய திருத்தத்தைப் பின்தேதிக்கு இழுக்காமலே, பழைய திருத்தத்தின் எல்லையை வாசித்த விதத்தால் மாநிலத்தின் அதிகாரம் மீண்டது.

ஆனாலும் சட்டம் பிழைக்கவில்லை. ஒரு சமூகத்தைத் தனியே பிரிக்கப் போதிய, அண்மைக்காலத் தரவு இல்லை என்று அது விழுந்தது. அதனால்தான் இத்தகைய வழக்கில் சட்டத்தை எதிர்க்கும் தேர்ந்த வக்கீல், அதிகாரம் குறித்த வாதத்தையும் தரவு குறித்த வாதத்தையும் மனுவில் தனித்தனியாக நிறுத்துகிறார். முதலாவதில் தோற்றாலும் இரண்டாவது நிற்கும்.