அடிமை விடுதியிலிருந்து அவ்வல் பள்ளிவாசல் வரை

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் மேசை மலையையும் கடலையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அந்நகரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் வேல் வீதி வழியாகக் கால்நடையாய் மேலேறிச் செல்ல வேண்டும். குறுகிய தூரம்தான். ஆயினும் முந்நூறு ஆண்டுச் சரித்திரம் அதில் அடங்கியிருக்கிறது.

வீதியின் கீழ்முனையில் அடிமை விடுதி நிற்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தனது அடிமைகளை அடைத்து வைப்பதற்காக 1679 இல் கட்டிய இக்கட்டடம் இன்று நூதனசாலையாக இருக்கிறது. 1658 முதல் 1808 வரை சுமார் 60,000 பேர் அடிமைகளாக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். மடகஸ்கார், மொசாம்பிக், இந்தியக் கரைகள், இந்தோனேசியத் தீவுகள், நமது இலங்கை ஆகியனவே அவர்களது தாயகங்கள். பெற்றோர் வைத்த பெயரும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. சிலருக்கு மாதத்தின் பெயரே சூட்டப்பட்டது. செப்டெம்பர், பெப்ரவரி என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் அங்கே வழங்குகின்றன.

1834 டிசம்பர் 1 ஆம் திகதி ஆங்கிலேயர் ஆட்சியில் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் தொழில் பழகுவோர் என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் அதே எஜமானரிடம் அவர்கள் வேலை செய்ய வேண்டியிருந்தது. தமது பேரரசு முழுவதிலும் அடிமைகளை இழந்தோருக்கு நட்டஈடு வழங்க ஆங்கிலேயர் 2 கோடி பவுண் ஒதுக்கினர். விடுதலை பெற்றோருக்கோ ஒரு சல்லிக் காசும் இல்லை. ஒரு முழ நிலமும் இல்லை. 1841 இல் வந்த எஜமானர் - வேலையாள் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டுச் செல்வதையும் பணிய மறுப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அவ்வகைச் சட்டங்கள் 1974 இல்தான் முற்றாக நீக்கப்பட்டன. முன்பு அடிமையாக அடுப்பூதிய பெண், அதே சமையலறைக்குக் கூலிக்காரியாகத் திரும்பினாள்.

அடிமை விடுதியிலிருந்து சில நிமிட நடையில் குவீன் விக்டோரியா வீதி. அங்குள்ள நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் இரு வாங்குகள் உள்ளன. ஒன்றில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்றும், மற்றையதில் 'வெள்ளையர் அல்லாதோருக்கு மட்டும்' என்றும் எழுதப்பட்டிருக்கிறது. இப்போது நினைவுச் சின்னங்களான இவற்றில் எவரும் அமரலாம். 1950 ஆம் ஆண்டின் குடித்தொகைப் பதிவுச் சட்டத்தின் கீழ், யார் எந்த இனம் என்ற விசாரணைகள் இக்கட்டடத்தில்தான் நடந்தன. தோலின் நிறத்தைப் பார்த்தார்கள். தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்றும் பார்த்தார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு இனத்தவராகப் பதியப்பட்டதும் உண்டு. எஜமான் யார், அடிமை யார் என்பதை முன்பு விலைச்சீட்டு சொன்னது. விலைச்சீட்டு ஒழிந்தபின் அந்த வேலையை நிறம் ஏற்றுக்கொண்டது.

வீதி மேலேற, வண்ண வண்ண வீடுகள் நிறைந்த போ-காப் வருகிறது. அங்கே டோர்ப் வீதியில் இருப்பது 1794 இல் உருவான அவ்வல் பள்ளிவாசல். தென்னாபிரிக்காவின் முதற் பள்ளிவாசல் இதுவே. இதன் முதல் இமாம், தீதோர் தீவிலிருந்து கைதியாகக் கொண்டுவரப்பட்டு ரொபன் தீவில் சிறையிருந்த துவான் குரு அவர்கள். மனனத்திலிருந்தே முழுக் குர்ஆனையும் கைப்பட எழுதிய பெருமகன். பள்ளிவாசல் அமைந்த நிலமோ, விடுதலை பெற்ற அடிமையான கோரிடன் வான் சிலோன் என்பவருக்கு உரியதாயிருந்தது. 'இலங்கையைச் சேர்ந்த கோரிடன்' என்பது அப்பெயரின் பொருள். பின்னர் அவருடைய மகள் சார்ச்சியின் கைக்கு வந்த அந்நிலத்தை, அவரே பள்ளிவாசலுக்கென ஆக்கிக் கொடுத்தார். சகோதரிகளே, சரக்கென விற்கப்பட்ட ஒருவரின் மகள் அளித்த மண்ணில் இன்றும் ஐவேளையும் பாங்கு ஒலிக்கிறது!

இவ்வளவு ஆழமாக வேர்விட்ட சமூகத்தையும் நிறச்சட்டம் விடவில்லை. 1966 இல், அருகிலுள்ள டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையரின் பகுதியெனப் பிரகடனமானது. 60,000 க்கும் அதிகமானோர் தொலைவிலுள்ள மணல் சமவெளிக்குத் துரத்தப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன; பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தனித்து நின்றன. 1991 இல் அச்சட்டங்கள் நீங்கின. 1994 இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் வீடு இருந்த இடம் மாறிவிட்டதே! அந்தச் சமவெளியிலிருந்து இன்றும் தாய்மார் விடியுமுன் பஸ் ஏறி, மலையடிவாரத்து வீடுகளுக்கு வேலைக்கு வருகின்றனர்.

பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அவர்கள் விடுதலை பெற்றதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். நபி (ஸல்) அவர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. ஹிஜ்ரி 8 இல் மக்கா வெற்றியின்போது, குறைஷித் தலைவர்கள் பார்த்திருக்க, அந்தக் கறுத்த மனிதரைக் கஃபாவின் மேலேறிப் பாங்கு சொல்லச் செய்தார்கள். விலங்கைக் கழற்றிய பின், கழற்றப்பட்டவருக்குச் சபையில் இடமும் தர வேண்டும். கேப் டவுனில் அந்த இடம் தரப்படாததன் விலையைப் பேரப்பிள்ளைகள் இன்னும் கொடுத்து வருகின்றனர். கதையின் அந்தப் பகுதியையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.