நம்பர் பிளேட்டுக்கு ஒரு விளக்கு

பழைய மோட்டார் சைக்கிளின் பின் விளக்கைக் கொஞ்சம் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சிவப்பு மூடியின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பட்டை மட்டும் நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே ஒரே பல்புதான். அதன் வெளிச்சம் பின்னால் சிவப்பாகத் தெரியும். அந்தப் பட்டை வழியாகக் கீழே நம்பர் பிளேட்டின் மேல் வெள்ளையாக விழும். தனி வயர் கிடையாது, தனி சுவிட்சும் கிடையாது. இதை யோசித்தவன் கெட்டிக்காரன்.

ஆனால் நம் ஊர்ச் சாலைகளை அவன் பார்த்திருக்க மாட்டான். பிசான அறுவடை முடிகிற நாட்களில் சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் போய்ப் பாருங்கள். டிராக்டர் டயர் வயல் சேற்றை அப்படியே தார்ச்சாலைக்குக் கொண்டுவரும். நம் பின் சக்கரம் அதை வாரி மட்கார்டில் அடிக்கும். இரண்டு மாதத்தில் அந்தக் கண்ணாடிப் பட்டையும் நம்பர் பிளேட்டும் ஒரே மண் நிறத்துக்கு வந்துவிடும். வண்டி கழுவுகிறவர்கள் டேங்கைத்தான் பளபளப்பாக்குகிறார்கள். பட்டையைத் துடைத்தவரை நான் பார்த்ததில்லை.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், விளக்குகளைப் பற்றிய 105-ஆவது விதி, சூரியன் மறைந்து அரைமணி நேரத்திலிருந்து மறுநாள் உதயத்துக்கு அரைமணி முன்பு வரை பின்புற நம்பரின் மேல் வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும் என்கிறது. பதினைந்து மீட்டர் பின்னால் நிற்பவருக்கு அது வாசிக்க முடிய வேண்டும். நம் நடைக்கு இருபது எட்டு. இரு சக்கர வண்டியின் பின் பிளேட்டில் எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம். உள்ளங்கையில் பாதிகூட இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் இருபது எட்டில் அதை யாரால் வாசிக்க முடியும்?

எங்கள் காலத்தில் சைக்கிளுக்கே விளக்கு இல்லாவிட்டால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கி விடுவார். டைனமோ வாங்க வக்கில்லாதவர்கள் மண்ணெண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டுக் கொண்டு போவார்கள். இப்போது 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இரு சக்கர வண்டிகளில் பகலிலும் முன் விளக்கு தானாக எரிகிறது. முன்னால் அவ்வளவு அக்கறை. பின்னால் போகிற நம்பரை யாரும் கேட்பதில்லை.

நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று கேட்பீர்கள். என் அத்தானுக்காகத்தான்.

1999-இல், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருந்த தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு இரவு எட்டு மணி வாக்கில் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கொஞ்ச தூரத்தில் டீக்கடை. கடைக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். வண்டி அவர் முன்னாலேயேதான் போயிருக்கிறது. "செவப்பு லைட்டு தெரிஞ்சுது சார், அதுக்குக் கீழ ஒண்ணுமே தெரியல" என்று போலீசாரிடம் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பாளை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். வலது கால் அதன் பிறகு மடங்கவில்லை. வயலைக் குத்தகைக்கு விட்டார்கள். அக்கா அப்பளம் போட்டு விற்க ஆரம்பித்தாள்.

அடித்த வண்டி எது என்று தெரிந்திருந்தால் கதை வேறு. மூன்றாம் நபர் காப்பீடு எல்லா வண்டிக்கும் கட்டாயம். உடல் சேதத்துக்கு அதில் உச்ச வரம்பு கிடையாது. வயது, வருமானம், ஊனத்தின் அளவு, வைத்தியச் செலவு எல்லாம் பார்த்துத் தீர்ப்பாயம் தொகையை நிர்ணயிக்கும். வண்டி தெரியாவிட்டால், அரசு வகுத்த திட்டத்தில் ஒரே தொகைதான். அன்றைக்கு அது உயிர் போனால் 25,000 ரூபாய், படுகாயத்துக்கு 12,500. 2022 ஏப்ரல் முதல் அதை இரண்டு லட்சமாகவும் 50,000 ரூபாயாகவும் உயர்த்தியிருக்கிறார்கள். நல்லதுதான். அத்தானுக்கு ஓராண்டுக்கு மேல் அலைந்து கிடைத்தது அந்தப் பழைய 12,500. ஒரு காலுக்கு!

போன மாதம் பேரன் கூரியரில் ஒரு சாமானை வரவழைத்தான். நம்பர் பிளேட்டைச் சுற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் சட்டம். நாலு ஓரத்திலும் எல்.இ.டி. முந்நூற்றைம்பது ரூபாய். என் 2011 வண்டியில் மாட்டினால் ஜோராக இருக்கும் என்றான். விளக்கு என்றதும் எனக்கும் ஆசைதான். மாட்டி எரியவிட்டால் நீல வெளிச்சம், அதிலும் மின்னி மின்னி எரிகிறது.

"ஏலே, இருபது எட்டு தள்ளி நின்னு நம்பரை வாசி பாப்போம்" என்றேன். கடகடவென்று சொல்லிவிட்டான். அவனுக்கு நம்பர் மனப்பாடம்! எதிர்வீட்டுச் சிறுவனைக் கூப்பிட்டு நிறுத்தினோம். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "லைட்டுதான் தாத்தா தெரியுது" என்றான். வெளிச்சம் பிளேட்டின் மேல் விழவில்லை, பார்க்கிறவன் கண்ணில் விழுந்தது. சட்டத்தின் விளிம்பு TN என்பதன் தலையையும் கொஞ்சம் மறைத்திருந்தது. திருவிழாச் சப்பரத்துக்கு வேண்டுமானால் பொருத்தம்.

பேரன் முகம் வாடிவிட்டது. அவனையும் கூட்டிக்கொண்டு ஜங்ஷன் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். "அண்ணாச்சி, சட்டம் வேண்டாம். மேல இருந்து கீழ பாக்கிற மாதிரி வெள்ளை லைட்டு ஒண்ணு போட்டுத் தாரேன். மூடி இருக்கும், பின்னால வாறவனுக்குக் கூசாது" என்றார். பிளேட்டின் மேல் போல்ட்டிலேயே சின்னத் தகடு ஒன்றை வைத்து அதில் விளக்கைப் பொருத்தினார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் வருகிற உயர் பாதுகாப்புப் பிளேட்டில் இந்த வேலை ஆகாது. அதன் பூட்டைக் கழற்றினால் உடைந்துவிடும், ஓட்டையும் போடக்கூடாது. அந்த வண்டிகளுக்கு மட்கார்டில்தான் தாங்கி வைக்க வேண்டும்.

வயர் வேலையைப் பேரன் உட்கார்ந்து கவனித்தான். பின் விளக்குக்கு இரண்டு வயர் போகும், ஒன்று எப்போதும் எரிவதற்கு, மற்றது பிரேக்குக்கு. பிரேக் வயரில் கொடுத்தால் பிரேக் பிடிக்கும்போது மட்டும் எரியும். பேட்டரியில் நேராகக் கொடுத்தால் வண்டி நிற்கும்போதும் எரிந்து, காலையில் ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக் டெஸ்டர் வைத்துப் பார்த்து முதல் வயரில் கொடுத்தார். எர்த்துக்கு சேஸிஸில் ஒரு போல்ட்டடியில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு முறுக்கினார். இணைப்பை முறுக்கி டேப் சுற்றாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டார். ஐப்பசி மழையில் தண்ணீர் போவது டேப் சுற்றிய இடத்தில்தானாம். விளக்கு, கூலி எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய். கையோடு பழைய பட்டையையும் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். இருட்டியதும் பேரன் வண்டியைத் தெருவில் நிறுத்தி விளக்கைப் போட்டான். அத்தான் கம்பை ஊன்றிக்கொண்டு எதிர்வீட்டையும் தாண்டி நடந்தார். சொல்லச் சொல்ல நிற்கவில்லை. இருபது எட்டுக்கு மேலேயே இருக்கும். அங்கிருந்து திரும்பி, ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வோர் எண்ணாக, முழு நம்பரையும் சத்தமாக வாசித்தார்.

"நல்லாத் தெரியுது மாப்ளே" என்றார். பிறகு மெதுவாக நடந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, காப்பி கேட்டார்.