எட்டு கோல் வாங்கிய பிறகு

நான் ஆர்சனல் கால்பந்து அணியின் ரசிகன். அந்த அணி வென்ற கோப்பைகளைவிட, 2011 ஆகஸ்ட் 28 அன்று அது வாங்கிய அடியைப் பற்றித்தான் இளையவர்களிடம் அதிகம் பேசுகிறேன். அன்று மான்செஸ்டர் யுனைடெட்டிடம், அவர்களுடைய ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில், 8–2 என்று தோற்றோம். ஆர்சனல் ஒரே ஆட்டத்தில் எட்டு கோல் வாங்கியது 1896க்குப் பிறகு அதுவே முதல் முறை.

அந்தத் தோல்வி திடீரென்று வந்ததல்ல. அந்த மாதம்தான் எங்கள் வீரர்களான ஃபாப்ரிகாஸ் பார்சிலோனாவுக்கும், நஸ்ரி மான்செஸ்டர் சிட்டிக்கும் போயிருந்தார்கள். வில்ஷேரும் வெர்மாலனும் காயத்தால் ஆடவில்லை. சாங்குக்கும் ஜெர்வினோவுக்கும் தடை. அவர்கள் இடங்களை நிரப்பும் ஆட்களை நிர்வாகம் நேரத்தோடு வாங்கி வைக்கவில்லை. அனுபவமில்லாத பையன்கள் களத்தில் இறங்கி, அந்தக் கணக்கைத் தங்கள் தலையில் சுமந்தார்கள். நம் வீடுகளிலும் இப்படித்தான். ஒரு நாளில் நொடித்துப்போவதாகத் தெரியும் குடும்பத்தில், தள்ளிப்போட்ட வேலைகள் பல மாதங்களாகச் சேர்ந்திருக்கும்.

ஸ்கோர் 1–0 என்று இருந்தபோது நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. வான் பெர்சி அடித்தார். கோல்கீப்பர் டி கேயா தடுத்துவிட்டார். அடுத்த நிமிடமே ஆஷ்லி யங் யுனைடெட்டின் இரண்டாவது கோலைப் போட்டார். அவர்கள் அணியின் ரூனி மட்டுமே மூன்று கோல் அடித்தார். நமக்கு ஒரு சிவப்பு அட்டையும் விழுந்தது.

லண்டனிலிருந்து ஏறக்குறைய 320 கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருந்த நம் ரசிகர்கள், கோல் மேல் கோல் விழுந்தபோதும் பாடிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பாட்டு ஒரு கோலையும் திருப்பித் தரவில்லை. ஆனால், மைதானத்தில் தலைகுனிந்து நின்ற இளைஞர்களுக்குத் தாங்கள் தனியாக இல்லை என்று சொன்னது. உறவு என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான். நன்றாக ஓடும்போது கூட நிற்பதற்கு ஊரே வரும்; விழும்போதும் கூட நிற்பவர்களே உறவு. அப்படி வந்து நின்ற ரசிகர்களுக்கு, வேறொரு வெளியூர் ஆட்டத்துக்கு இலவச டிக்கெட் தருவதாகக் கிளப் அறிவித்தது. தோல்வியின் செலவில் ஒரு பங்கைத் தலைமை ஏற்றுக்கொள்வது நல்ல பழக்கம்.

பயிற்சியாளர் வெங்கர் அடுத்த மூன்று நாட்களுக்குள் மெர்டசாக்கர், ஆர்டெட்டா உள்ளிட்ட புதியவர்களைச் சேர்த்தார். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. செப்டம்பரில் பிளாக்பர்னிடம் 4–3, அக்டோபர் தொடக்கத்தில் டாட்டன்ஹாமிடம் 2–1 என்று மறுபடியும் எதிரணி மைதானங்களில் தோற்றோம். ஆனால் வேலை நிற்கவில்லை. அக்டோபர் 29 அன்று செல்சீயை அவர்கள் மைதானத்திலேயே 5–3 என்று வென்றோம். பெனால்டியைத் தவறவிட்ட அதே வான் பெர்சி அன்று மூன்று கோல் போட்டார். அந்தப் பருவத்தில் 30 கோல்களோடு லீக்கிலேயே முதலிடம் பெற்றார். ஆர்சனல் 70 புள்ளிகளோடு மூன்றாம் இடத்தில் முடித்தது. அந்த அவசரத்தில் வாங்கிய ஆர்டெட்டா பின்னாளில் அணித்தலைவரானார். 2019 டிசம்பரில் பயிற்சியாளராகவும் வந்தார்.

எட்டு கோல் போட்டவர்களின் கதையையும் பாருங்கள். அதே யுனைடெட், அதே மைதானத்தில், இரண்டே மாதத்துக்குள் மான்செஸ்டர் சிட்டியிடம் 6–1 என்று தோற்றது. பருவ முடிவில் இரண்டு அணிகளுக்கும் 89 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் சிட்டி கோப்பையைத் தட்டிச் சென்றது. நாற்று நடும்போதே களத்துமேட்டு நெல்லை யாரும் அளப்பதில்லை. வாழ்க்கையில் மட்டும் நாம் ஆகஸ்டிலேயே கணக்கை முடித்துவிடப் பார்க்கிறோம்.

தேர்வில் தோற்ற பிள்ளையும், தொழிலில் நொடித்த தம்பியும், வேலை இழந்த மகளும் இதை மனத்தில் வைக்க வேண்டும். அடி விழுந்தால் வலிக்கும், வலிக்கட்டும். அடுத்த மூன்று நாட்களில் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். அதற்கடுத்த எட்டு மாதம் அதை விடாமல் செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாராவது தோற்று வந்தால், காரணத்தைப் பிறகு கேளுங்கள். முதலில் பக்கத்தில் போய் நில்லுங்கள்.