எழுத்தில் இடறும் பிள்ளைகள்

வாசிக்க இயலாத பிள்ளையை மந்தபுத்தியுடையவன் என்று எளிதிற் சொல்லிவிடுகின்றோம். அவனோ அப்பெயரை வாழ்நாள் முழுதும் சுமக்கின்றான். வாசிக்க இயலாமை அறிவின்மை ஆகாது. 1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப்பற்றி எழுதினார். அவன் கணக்கில் இடர்ப்படாதவன். ஆயினும் மிக எளிய சொற்களன்றிப் பிறவற்றை வாசிக்க அறியான். வாய்மொழியாகவே கற்பித்தால் பள்ளியில் அவனே முதல்வனாவான் என அவனுடைய ஆசிரியர் கருதினார்.

தமிழெழுத்து ஒலியொழுங்கு உடையதே. எனினும், 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்புவிக்கும் பிள்ளையே ஒரு சொல்லைக் கண்டவிடத்துத் திகைப்பதுண்டு. ‘கொடி’ என்னும் சொல்லில் முதலில் ஒலிப்பது ககரமெய். முதலில் நிற்பதோ கொம்பு. அரவு பின்னே நிற்கின்றது. ஆங்கு இடறும் பிள்ளையை அடித்துப் பயன் என்னை?

யாம் கைக்கொள்ளும் முறை எளியது. பிள்ளை எவ்வெழுத்தில் இடறுகின்றான் என்பதை முதலில் அறிவோம். நாளுக்கு ஓரெழுத்தாக, வாயால் ஒலித்தபடியே மணலில் விரலால் எழுதுவிப்போம். அவன் அறிந்த எழுத்துகளால் ஆகிய சொற்களையே வாசிக்கக் கொடுப்போம். பிறர்முன் வாசிக்குமாறு வற்புறுத்தோம்.

பழைய மாணவர்களே! விழாக்காலத்தில் நாம் சித்தியெய்தியோரையே எண்ணிப் பெருமைகொள்கின்றோம். கடைசி வாங்கிலிருந்து சொல்லாமல் விலகிப்போனோரும் இக்கல்லூரியின் மைந்தரே. உங்கள் அயலில் அத்தகைய பிள்ளை ஒருவன் இருப்பின், மாலைதோறும் கால்மணி நேரம் அவனருகில் அமர்ந்து வாசிக்கச் செய்யுங்கள்.